குணமா, வாசலா?

ஒரு சமூகத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நம்மில் பலர் உடனே தீர்ப்புக் கூறிவிடுகிறோம். “அவர்கள் உழைப்பாளிகள், எங்கே போனாலும் முன்னுக்கு வந்துவிடுவார்கள்” என்று ஒரு சாராரைப் புகழ்கிறோம். “அவர்கள் போன இடமெல்லாம் தொல்லைதான்” என்று மற்றொரு சாராரைப் பழிக்கிறோம். ஒரு மக்கட்கூட்டம் வாழ்வதற்கும் தாழ்வதற்கும் காரணம் அதன் இரத்தத்திலேயே ஊறிக் கிடப்பதாக நமக்கு ஒரு நினைப்பு. மாணவர் விடுதிகளிலும் இதைக் கேட்கிறோம். நாடாளும் அமைச்சர்களின் வாயிலும் இதைக் கேட்கிறோம்.

இந்த நினைப்புச் சரிதானா? சரியன்று என்பதே என் கருத்து. அதை வெறும் உணர்ச்சியால் சொல்லாமல், ஒரு நாட்டின் வரலாற்றைச் சான்றாக வைத்துச் சொல்ல விரும்புகிறேன். அந்த நாடு ஆஸ்திரேலியா. அங்கே குடியேறிய இரண்டு மக்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மால்டாத் தீவினர். மற்றவர் லெபனானிலிருந்து வந்த அரபியர்.

இவ்விருவரையும் ஏன் தேர்ந்தெடுத்தேன்? ஆய்வுக்கூடத்தில் நாம் என்ன செய்கிறோம்? ஒரு விளைவுக்குக் காரணம் எது என்று அறிய, மற்றவற்றையெல்லாம் ஒன்றுபோல் வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிறோம். மனிதரை அப்படிக் குடுவைக்குள் இட முடியாது, இடவும் கூடாது. ஆனால் வரலாறு சில வேளைகளில் தானாகவே அத்தகைய சோதனைக்கு அருகில் வந்து நிற்கிறது. இது அவற்றுள் ஒன்று.

ஒரே மரத்தின் இரு கிளைகள்

மால்டா மத்தியதரைக் கடலின் நடுவே, சிசிலிக்குத் தெற்கே கிடக்கும் சிறு தீவு. 870ஆம் ஆண்டில் அரபியர் அதைக் கைப்பற்றினார்கள். 1091இல் நார்மானியர் வந்தார்கள். ஆட்சி மாறியது, மதம் மாறியது. மக்கள் உறுதியான கத்தோலிக்கர் ஆனார்கள். ஆயினும் பேச்சு மாறவில்லை. சிசிலியில் வழங்கிய அரபு மொழியிலிருந்து பிறந்ததே இன்றைய மால்டா மொழி. இத்தாலியச் சொற்கள் ஏராளமாகக் கலந்து, ரோமன் எழுத்தில் எழுதப்படும் அம்மொழியின் எலும்புக்கூடு இன்றும் அரபுதான்.

ரொட்டியை அரபியர் ‘குப்ஸ்’ என்பர். மால்டியர் ‘ஹொப்ஸ்’ என்பர். கடலை அரபியர் ‘பஹ்ர்’ என்பர். மால்டியர் ‘பஹர்’ என்பர். மால்டாவின் கத்தோலிக்கர் மாதா கோயிலில் மண்டியிட்டு இறைவனை அழைக்கும் சொல் ‘அல்லா’ என்பதே. அவர்களுடைய தவக்காலத்தின் பெயர் ‘ரன்தான்’. ரமலானின் உருமாற்றம் அது.

லெபனானியருள் எல்லாரும் தம்மை அரபியர் என்று சொல்லிக்கொள்வதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். மரோனைட் கிறிஸ்தவர்களுள் சிலர் தம்மைப் பழைய பினீசியரின் வழிவந்தோர் என்பார்கள். எனினும் அவர்கள் வீட்டில் பேசுவது அரபு மொழியே. ஆகவே, மொழியால் உறவினர், ஒரே கடலின் கரையினர், குடும்பப் பற்றும் வழிபாட்டுப் பற்றும் மிக்கவர், கிராமத்தை விட்டுக் கப்பலேறியவர் என்று பல வகையிலும் ஒத்த இரண்டு கூட்டத்தார் ஒரே நாட்டில் போய் இறங்கினார்கள்.

2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஆஸ்திரேலியாவில் மால்டா மரபினர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர் இரண்டு லட்சத்தை ஒட்டியவர். லெபனான் மரபினர் இரண்டரை லட்சத்தை ஒட்டியவர். முன்னவரை அந்நாட்டார் ‘ஓசையின்றி நம்மோடு கலந்துவிட்டவர்கள்’ என்று பாராட்டுகிறார்கள். பின்னவரை, அதிலும் சிட்னியின் மேற்குப் பகுதியில் வாழும் லெபனான் முஸ்லிம்களை, ‘கலக்க மறுப்பவர்கள்’ என்று குறைகூறுகிறார்கள். குணத்தால் வந்த வேறுபாடு இது என்றால், அந்தக் குணம் நூறு ஆண்டுகளுக்கு முன்பும் இப்படியே தெரிந்திருக்க வேண்டுமல்லவா? பார்ப்போம்.

1916இல் யார் வேண்டாதவர்?

1916ஆம் ஆண்டு. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. ஆஸ்திரேலியப் பிரதமர் பில்லி ஹியூஸ், இளைஞரைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கலாமா என்று மக்களிடம் வாக்குக் கேட்டார். அக்டோபர் 28 வாக்களிப்பு நாள். “நம் இளைஞர் போர்க்களம் போனால் அவர்கள் வேலையில் கறுப்புக் கூலிகளைக் கொண்டுவந்து வைப்பார்கள்” என்று கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்த்தவர்களும் தொழிற்சங்கத்தாரும் அச்சமூட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ‘கான்ஞ்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் 214 மால்டியரை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது.

மால்டியர் அன்று பிரிட்டிஷ் பிரஜைகள். ஆஸ்திரேலியரும் பிரிட்டிஷ் பிரஜைகள். கல்லிப்போலிப் போரில் காயமுற்ற ஆஸ்திரேலிய வீரர்களுக்கு மருத்துவம் செய்த தீவு மால்டா. அதற்கு நன்றி என்ன கிடைத்தது? குடியேற்றச் சட்டத்தில் ‘சொல்லெழுத்துத் தேர்வு’ என்று ஒன்று இருந்தது. அதிகாரி தாம் விரும்பிய மொழியில் ஐம்பது சொற்களைப் படிப்பார். வந்தவர் பிழையின்றி எழுத வேண்டும். மால்டியருக்கு அவர்கள் வைத்த தேர்வு டச்சு மொழியில்! எழுத முடியுமா? அனைவரும் ‘தவறிவிட்டார்கள்’. கப்பல் அவர்களை நியூ கலிடோனியாவின் நூமியா துறைமுகத்திற்குக் கொண்டுபோய் இறக்கியது. 1917ஆம் ஆண்டில்தான் ஆஸ்திரேலிய மண்ணில் அவர்கள் கால் வைக்க முடிந்தது. ‘பில்லி ஹியூஸின் பிள்ளைகள்’ என்ற கேலிப்பெயர் மட்டும் அவர்களுக்கு நிலைத்தது. அதன்பின் 1920களில், ஆண்டுக்கு இத்தனை மால்டியர்தான் வரலாம் என்று வரம்பு கட்டினார்கள்.

ஆக, அன்று ‘கூலியைக் குறைப்பவர்’, ‘வெள்ளையர் அல்லாதவர்’, ‘ஆபத்தானவர்’ என்ற வசைகளையெல்லாம் சுமந்தவர் மால்டியர். இன்று புகழப்படும் அதே மால்டியர்!

மூட்டை சுமந்த வணிகர்

அதே காலத்தில் லெபனானியர் எப்படி இருந்தார்கள்? 1880களிலேயே அவர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். லெபனான் அப்போது துருக்கிப் பேரரசின் ஆட்சியில் இருந்ததால் அவர்களை ‘சிரியர்’ என்று அழைத்தார்கள். சட்டம் அவர்களை ஆசியர் என்று வகுத்தது. 1902ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியருக்கு வாக்குரிமை மறுத்தது. 1903ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை மறுத்தது. 1908ஆம் ஆண்டுச் சட்டம் முதியோர் உதவித்தொகையும் மறுத்தது. குடியுரிமைத் தடை 1920இல்தான் நீங்கியது.

இத்தனை தடைகளுக்கிடையே அவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? ஆலை வேலையை நம்பவில்லை. நம்ப வழியும் இல்லை. சிட்னியில் ரெட்ஃபர்ன் என்னும் பகுதியில் முன்வந்தவர் சிலர் மொத்தக் கிடங்குகள் வைத்தார்கள். புதிதாய் வந்தவருக்கு அந்தக் கிடங்கு துணி, நாடா, பொத்தான், சீப்பு முதலியவற்றைக் கடனாகக் கொடுக்கும். அவர் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, பண்ணை பண்ணையாக நடந்து விற்பார். பணம் சேர்ந்ததும் குதிரை வண்டி. பிறகு ஒரு சிற்றூரில் ஜவுளிக்கடை. கடை வைத்தவர் தம் தம்பியையும் மைத்துனனையும் அழைத்துக்கொள்வார். இப்படியே நாட்டுப்புற நகரங்களில் லெபனானியர் கடைகள் தோன்றின.

இவர்களுள் பெரும்பாலோர் கிறிஸ்தவர். 1890களிலேயே சிட்னியில் தங்கள் கோயில்களை எழுப்பினார்கள். பின்வந்த தலைமுறையில் அலெக்சாண்டர் ஆலம் 1925இல் நியூ சவுத் வேல்ஸ் சட்ட மேலவை உறுப்பினரானார். லெபனானியப் பெற்றோரின் மகளான மேரி பஷீர் என்னும் மருத்துவர் 2001 முதல் 2014 வரை அதே மாநிலத்தின் ஆளுநராக விளங்கினார். தந்தை வழியில் லெபனான் மரபினரான ஸ்டீவ் பிராக்ஸ் 1999 முதல் 2007 வரை விக்டோரியா மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தார்.

நண்பர்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். 1920களின் ஆஸ்திரேலியரிடம் “இவ்விரு கூட்டத்தாருள் முன்னேறத் தெரிந்தவர் யார்?” என்று கேட்டிருந்தால், ஜவுளிக்கடை வைத்திருந்த லெபனானியரைச் சுட்டியிருப்பார்கள், கரும்புத் தோட்டத்திலும் சாலை வேலையிலும் கிடந்த மால்டியரை அல்ல. இன்று அந்த விடை தலைகீழாகிவிட்டது. இரத்தம் மாறிவிட்டதா? இல்லை. பின் மாறியது எது?

1948: திறந்த கதவு

மாறியது அவர்கள் நுழைந்த வாசல்.

இரண்டாம் உலகப்போரில் மால்டா குண்டுமழையில் நனைந்தது. அத்தீவின் வீரத்தைப் போற்றி 1942இல் பிரிட்டிஷ் மன்னர் ஜார்ஜ் சிலுவை விருதைத் தீவு முழுமைக்கும் அளித்தார். நேற்றுவரை ‘கறுப்புக் கூலி’. இன்று ‘வீரத் தீவின் மக்கள்’! போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கடற்படையை நம்பியிருந்த கப்பல்துறை வேலை சுருங்கியது. மூன்று லட்சம் பேர் நெருங்கி வாழ்ந்த தீவில் பிழைப்புக்கு வழியில்லை. ஆஸ்திரேலியாவிலோ ஆள் பஞ்சம். 1945இல் குடியேற்ற அமைச்சரான ஆர்தர் கால்வெல் மக்கள் தொகையைப் பெருக்க வேண்டுமென்று முனைந்து நின்றார். 1948இல் இரு அரசாங்கங்களும் ஓர் ஒப்பந்தம் செய்தன. கப்பல் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசாங்கங்களே ஏற்றுக்கொண்டன.

ஆயிரம் ஆயிரமாக மால்டியர் வந்தார்கள். வந்தவர் பெரும் படிப்பாளிகளா? அல்லர். மால்டாவில் கட்டாயத் தொடக்கக் கல்வியே 1946இல்தான் சட்டமாயிற்று. வந்தவருள் பலர் சில ஆண்டுகளே பள்ளிக்குப் போனவர். ஆனால் அவர்கள் இறங்கிய மெல்போர்னில் தொழிற்சாலைகள் ஆள் வேண்டிக் காத்துக் கிடந்தன. சன்ஷைன், செயின்ட் ஆல்பன்ஸ் முதலிய மேற்குப் பகுதிகளில் மனை விலை மலிவு. கணவன் ஆலைக்குப் போவான். ஞாயிறு தோறும் உறவினர் கூடி ஒருவர் வீட்டை ஒருவருக்குக் கட்டிக்கொடுப்பார்கள். சிட்னியின் புறத்தே பெண்டில் ஹில், கிரேஸ்டேன்ஸ் பக்கங்களில் காய்கறித் தோட்டமும் கோழிப் பண்ணையும் போட்டார்கள். பிறகு நகரம் வளர்ந்து அந்தத் தோட்டங்களை விழுங்கியபோது, நிலம் வைத்திருந்தவர் கையில் பணம் சேர்ந்தது.

படிப்பில்லாமலே வீடு சேர்த்தார்கள்; நிலம் சேர்த்தார்கள். உழைப்பு அவர்களுடையது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உழைப்பை வாங்கிக்கொள்ள அன்று ஆலை இருந்தது. பிரிட்டிஷ் பிரஜை என்ற தகுதி இருந்தது. தீவில் ஆங்கில ஆட்சி நடந்ததால் ஓரளவு ஆங்கிலம் காதில் விழுந்திருந்தது. அவர்களுக்காகப் பேசச் சொந்த நாட்டு அரசாங்கம் ஒன்று இருந்தது. இத்தனையும் சேர்ந்ததே நான் சொல்லும் ‘வாசல்’.

1976: திறந்தும் திறவாத கதவு

1975இல் லெபனானில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1990 வரை அது ஓயவில்லை. 1976இல் மால்கம் ஃபிரேசரின் அரசாங்கம், ஆஸ்திரேலியாவில் உறவினர் உள்ள லெபனானியருக்குக் குடியேற்ற விதிகளைத் தளர்த்தியது. 1976இல் சுமார் 33,000 பேராக இருந்த லெபனானில் பிறந்தோர் தொகை 1981இல் சுமார் 49,000 ஆயிற்று. இம்முறை வந்தவருள் வடலெபனானின் கிராமத்து சுன்னி முஸ்லிம்களும், தென்லெபனானின் ஷியா முஸ்லிம்களும் மிகப் பலர்.

அவர்கள் எந்த ஆஸ்திரேலியாவில் வந்து இறங்கினார்கள்? 1973 ஜூலையில் அந்நாடு இறக்குமதிப் பொருள்களின் காப்புவரிகளை ஒரே வெட்டாக நான்கில் ஒரு பங்கு குறைத்திருந்தது. அடுத்த ஆண்டே பொருளாதார மந்தம் வந்தது. துணி ஆலைகளும் செருப்புத் தொழிற்சாலைகளும் ஆள்குறைப்பில் இறங்கின. சிட்னியின் ஸெட்லாண்டில் இருந்த லேலண்ட் கார் தொழிற்சாலை 1975க்குள் மூடப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் நூற்றுக்கு இரண்டு என்ற அளவில் இருந்த வேலையின்மை 1983இல் நூற்றுக்குப் பத்தை எட்டியது. ஆங்கிலம் அறியாத, வயலும் சிறுதொழிலும் மட்டுமே தெரிந்த ஒருவர், ஏணியின் முதற்படியாக நம்பக்கூடியது ஆலை வேலைதான். அந்த முதற்படியை எடுத்துவிட்ட பிறகே இவர்கள் ஏணிக்கு அருகில் வந்தார்கள்.

மால்டியர் வந்தது வாழ்வு தேடி. திட்டமிட்டு, பெட்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். லெபனானியர் வந்தது உயிர் தப்பி; வீடு எரிந்து, உறவினர் மாண்டு, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்தார்கள். வந்தவர் உறவினர் வீட்டின் ஓர் அறையில் ஒண்டினார்கள். படித்து வந்த சிலரின் பட்டங்களும் மதிக்கப்படவில்லை. லேக்கம்பா, பங்க்ஸ்டவுன், பஞ்ச்பவுல் முதலிய இடங்களில் அவர்கள் நெருங்கிக் குடியிருந்தது, பிரிந்து நிற்கும் விருப்பத்தால் மட்டுமா? வாடகை மலிவு, உறவினர் துணை, 1977இல் எழுந்த பள்ளிவாசல் ஆகிய மூன்றும் அங்கேதான் இருந்தன. மால்டியர் செயின்ட் ஆல்பன்ஸில் கூடியதும் இதே காரணங்களால்தான். ஒருவர் கூடினால் ‘குடும்பப் பற்று’. மற்றவர் கூடினால் ‘தனித்து ஒதுங்கல்’! சொல்லிலேயே வஞ்சகம் இருக்கிறது.

வேலையற்ற தந்தையரின் பிள்ளைகள் பள்ளியில் ஏளனம் கேட்டு வளர்ந்தார்கள். சிலர் கடை வைத்தார்கள். சிலர் கட்டடத் தொழிலில் இறங்கிப் பெரும்பொருள் ஈட்டினார்கள். சிலர் பட்டம் பெற்றார்கள். சிலர் தீய வழியில் சென்று கொடுங்குற்றங்களும் செய்தார்கள். அதை மூடி மறைப்பது நேர்மையன்று. ஆனால் சிலருடைய குற்றத்தை எல்லார் தலையிலும் ஏற்றினார்கள். 2005 டிசம்பர் 11 அன்று சிட்னியின் குரோனல்லா கடற்கரையில் சுமார் ஐயாயிரம் பேர் திரண்டு, அரபியர் போலத் தோன்றியவரையெல்லாம் தாக்கினார்கள். பதிலுக்கு அடுத்த இரவுகளில் லெபனான் இளைஞர் சிலர் வன்முறையில் இறங்கினார்கள். 2016 நவம்பரில் குடியேற்ற அமைச்சர் பீட்டர் டட்டன், லெபனான் முஸ்லிம்களை 1970களில் அனுமதித்ததே ஃபிரேசர் செய்த பிழை என்னும் பொருள்படப் பேசினார்.

கதவைத் திறந்தது பிழையன்று. உள்ளே பாய் விரிக்காததே பிழை. 1978இல் கால்பலி குழு, குடியேறியோருக்கு மொழிப்பயிற்சியும் பிற உதவிகளும் பெருக வேண்டுமென்று பரிந்துரைத்தது உண்மை. அதனால் நன்மை விளைந்ததும் உண்மை. ஆனால் மொழிப்பயிற்சி ஆலையாகிவிடுமா?

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

“எல்லாம் சரி, ஆனால் மதத்தை மறந்துவிட்டீரே! மால்டியர் கத்தோலிக்கர், அதனால் கலந்தார்கள். இவர்கள் முஸ்லிம்கள், அதனால் கலக்கவில்லை” என்று ஒருவர் மறுக்கலாம். 1916இல் மால்டியரின் கத்தோலிக்க மதம் அவர்களைக் காப்பாற்றவில்லை என்பதை முன்பே கண்டோம். எனினும் இந்த மறுப்புக்கு நேரான விடை வேண்டுமானால், ஆஸ்திரேலியாவை விட்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்குச் செல்ல வேண்டும். ஏனெனில் அங்கும் இவ்விரு மக்களும் அருகருகே குடியேறினார்கள். ஆனால் அங்கே இருவருக்கும் வாசல் ஒன்று.

அந்த வாசல் ஃபோர்டு கார் தொழிற்சாலை. முதல் உலகப்போருக்குப் பின் மால்டாவின் கப்பல்துறையில் வேலை இழந்தவர் பலர் டெட்ராய்ட் சென்றார்கள். தென்லெபனான் முஸ்லிம்களும் அதே காலத்தில் அதே நகருக்குச் சென்றார்கள். 1921இல் ஃபோர்டு ஆலை இருந்த ஹைலாண்ட் பார்க்கில் ஒரு பள்ளிவாசலையும் கட்டினார்கள். பிறகு ஆலையைப் பின்தொடர்ந்து டியர்பார்ன் நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆலைச் சம்பளம் இருவருக்கும் வீடும் கடையும் தந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது. முன்னோர் ஊன்றிய அந்த வேரால், பின்னாளில் போருக்குத் தப்பி வந்த உறவினருக்கும் நிழல் கிடைத்தது. 2021இல் டியர்பார்ன் மக்கள், லெபனான் மரபு முஸ்லிமான அப்துல்லா ஹம்மூத் என்னும் இளைஞரை நகரத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கும் இன்னல் இல்லாமல் இல்லை. 2001க்குப் பின் ஐயப்பார்வையும் அவர்களைத் தொடர்ந்தது. ஆனால் ‘லெபனான் முஸ்லிம் முன்னேற மாட்டான்’ என்று சொல்பவர் டியர்பார்னைப் பார்க்க வேண்டும்.

கலந்தவர் கொடுத்த விலை

மால்டியரைப் புகழ்வோர் மற்றொன்றையும் பார்ப்பதில்லை. ‘ஓசையின்றிக் கலந்தார்கள்’ என்கிறார்களே, அந்த ஓசையின்மைக்கு விலை உண்டு.

1950 முதல் 1965 வரை முந்நூறுக்கு மேற்பட்ட மால்டாச் சிறுவர் சிறுமியர், பெற்றோரை விட்டுப் பிரிக்கப்பட்டுப் பெரும்பாலும் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிறிஸ்தவ விடுதிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். நல்ல கல்வி என்று சொல்லி அழைத்துச் சென்றார்கள். பலருக்குக் கிடைத்தது கடும் உழைப்பும் கொடுமையும். இவர்களையும் இவர்களைப் போன்ற பிரிட்டிஷ் சிறுவர்களையும் முன்னிட்டு 2009 நவம்பர் 16 அன்று பிரதமர் கெவின் ரட் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு வந்தபோது அச்சிறுவர் நரைத்த தலையினர்.

இன்னொரு விலை மொழி. மால்டா மரபினர் இரண்டு லட்சம் பேர் இருக்கும் நாட்டில், வீட்டில் மால்டா மொழி பேசுவோர் அவர்களுள் மிகச் சிறு பங்கினரே; அவரிலும் முதியோரே மிகுதி. மாறாக, 2021ஆம் ஆண்டுக் கணக்கில் ஆங்கிலம் அல்லாத வீட்டுமொழிகளுள் மாண்டரின் சீனத்தை அடுத்து இரண்டாம் இடத்தில் நிற்பது அரபு.

ஏன் இந்த வேறுபாடு? மால்டா மொழி தன் சொந்தத் தீவிலேயே 1934 வரை ஆட்சிமொழியாக இல்லை. நீதிமன்றத்தில் இத்தாலியம், அலுவலகத்தில் ஆங்கிலம், அடுப்படியில் மட்டும் தாய்மொழி. தாய்மொழி தாழ்ந்தது என்று கேட்டே வளர்ந்த தாய், ஆஸ்திரேலிய ஆசிரியை “வீட்டில் ஆங்கிலமே பேசுங்கள்” என்றதும் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டாள். அரபுக்கோ மறைநூல் இருந்தது, வழிபாடு இருந்தது, செய்தித்தாள் இருந்தது, பல நாடுகளிலிருந்தும் புதிதாய் வருவோர் ஓட்டமும் நிற்கவில்லை. ஊரில் மதிப்புப் பெறாத மொழி கப்பலேறினால் இரண்டு தலைமுறைக்கு மேல் தாங்குவதில்லை. இதைக் குறித்துத் தமிழ் மாணவர்க்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நமக்கு என்ன?

“மால்டாவும் லெபனானும் நமக்கு எதற்கு?” என்று கேட்கலாம். நாமும் பிறந்த மண்ணை விட்டு வேறு மாநிலத்தில் வாழ்பவர்கள். ஆகையால் இது நம் கதையும்தான்.

மும்பை சென்ற தமிழரை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலமும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றவர் மாதுங்காவில் குடியேறினார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்குச் சென்றவர் தாராவியில் குடியேறினார்கள். இருவரும் தமிழரே, இரயிலும் ஒன்றே. ஒருவருக்கு வாசலைத் திறந்தவை சாதியும் பள்ளிப்படிப்பும். மற்றவருக்கு அவ்வாசலை அடைத்தவையும் அவையே. இதில் எது ‘தமிழன் குணம்’? 1966இல் சிவசேனை தோன்றியபோது ‘தென்னிந்தியர் நம் வேலைகளைப் பறிக்கிறார்கள்’ என்ற முழக்கம் எழுந்தது. 1916இல் மால்டியரைப் பார்த்து எழுந்த அதே முழக்கம்!

‘மதராசி’ என்று நம்மை ஒருவன் அழைத்தால் நமக்குச் சுடுகிறது. சுடத்தான் வேண்டும். ஆனால் விடுமுறைக்கு ஊர் சென்றால், திருப்பூரின் பின்னலாடைக் கூடங்களிலும் சென்னையின் கட்டடச் சாரங்களிலும் உழைக்கும் பீகாரி, ஒடியாத் தொழிலாளரை ‘வடக்கன்’ என்று நம்மவர் இளக்காரமாகச் சொல்வதைக் கேட்டுவிட்டு நம்மில் எத்தனை பேர் வாய்மூடி இருக்கிறோம்? ‘அவன் அழுக்கன், அவன் திருடன், பத்துப் பேர் ஓர் அறையில் கிடப்பான்’ என்கிறார்களே, ஓர் அறைக்கு மேல் அவனுக்கு யார் கொடுத்தார்கள்? எந்த ஒப்பந்தத்தில் அவன் வந்தான்? அவன் பிள்ளைக்கு எந்தப் பள்ளியில் எந்த மொழியில் இடம் இருக்கிறது? இவற்றைக் கேட்காமல் அவன் குணத்தைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லை.

விஞ்ஞானம் பயில்வோருக்கு ஒரு சொல். தொடக்க நிலையைக் குறிக்காமல் விளைவை மட்டும் எழுதிக் கொடுத்தால் எந்த ஆசிரியரும் நம் ஏட்டை ஏற்க மாட்டார். மக்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் அந்த ஒழுங்கை ஏன் கைவிடுகிறோம்? அடுத்த முறை “அந்தக் கூட்டமே அப்படித்தான்” என்ற சொல் நம் நாவின் நுனிக்கு வரும்போது, “அவர்கள் எந்த ஆண்டில் வந்தார்கள், எந்த வாசலில் நுழைந்தார்கள், உள்ளே என்ன வேலை காத்திருந்தது?” என்ற மூன்று கேள்விகளைக் கேட்போம். விடை கிடைக்கும்வரை தீர்ப்பை நிறுத்தி வைப்போம். நம்மைப் பற்றிப் பிறர் அப்படிக் கேட்க வேண்டும் என்று விரும்புகிற நாம், பிறரைப் பற்றி அதையே கேட்கக் கடமைப்பட்டவர்கள்.